மழைக்கணக்கைக் கிளவுடில் வைப்பதா, டப்பாவில் வைப்பதா?

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை. மழைமானியில் 31 மில்லிமீட்டர் தண்ணீர். அதை ஊற்றிவிட்டு, ஈரக்கையோடு போனை எடுத்து எழுதப் போனேன். விரல் எங்கே பட்டதோ தெரியவில்லை, குறிப்பு முழுக்க நீலம் பூத்த மாதிரி தெரிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குள் மேலேயிருந்து கூப்பிட்டார்கள், காற்றில் வாழை சாய்ந்துவிட்டது என்று. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். திங்கட்கிழமை திறந்து பார்த்தால், ஆறு வருடக் கணக்கு இருந்த இடத்தில் ‘ய’ என்று ஒரே ஒரு எழுத்து.

பண்ணைக்காட்டுக்கு மேலே எங்கள் தோட்டம். காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு, ஓரமாக மலைவாழை, கொஞ்சம் சவ்சவ் பந்தல். தினம் காலையில் மழை அளவு, பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை அடித்த தேதி, யாருக்கு எவ்வளவு முன்பணம், பழம் பறித்த கிலோ, எல்லாமே அந்த ஒரே குறிப்பில்தான். காப்பி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மாசி பங்குனியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் ஒன்பது பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மழை எந்த வருடம் எந்தத் தேதியில் வந்தது, பிந்தியபோது மகசூல் எவ்வளவு குறைந்தது என்பதை ஆறு வருடம் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

முதலில் நான் பதறவில்லை. அதே குறிப்பு வீட்டில் டேப்லெட்டிலும் இருக்கிறது, கம்ப்யூட்டரில் திறந்தாலும் வரும். மூன்று இடத்தில் இருக்கிற சாமான் எங்கே போகும்? டேப்லெட்டைத் திறந்தேன். ‘ய’. கம்ப்யூட்டரிலும் ‘ய’.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். “மாமா, மூணு எடத்துல இருந்துச்சுங்கிறீங்க. அது மூணு இல்ல, ஒண்ணுதான். ஒரு கண்ணாடிக்கு எதிர்ல இன்னொரு கண்ணாடி வெச்ச மாதிரி” என்றான். சின்க் என்பதும் பேக்கப் என்பதும் ஒன்றில்லை என்று பல தடவை படித்திருக்கிறேன். புரிந்தது அன்றைக்குத்தான். சின்க்கின் வேலை எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைப்பது. நான் கெடுத்ததையும் அது உண்மையாக, வேகமாக, எல்லா இடத்துக்கும் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது. ஆப் மேல் தப்புச் சொல்ல முடியாது. கை என்னுடையது.

தொலைத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குப்பைத்தொட்டி. அதிலும் நாள் கணக்கு இருக்கிறது. கூகுள் கீப் என்ற குறிப்பு ஆப்பில் அழித்தது 7 நாள்தான் இருக்கும். கூகுள் டிரைவில் 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள். ஒரு வாரம் டவர் கிடைக்காத ஊர்க்காரனுக்கு 7 நாள் என்பது ஒன்றுமே இல்லை. என் விஷயத்தில் குப்பைத்தொட்டியே உதவாது, ஏனென்றால் நான் குறிப்பை அழிக்கவில்லை, காலி செய்திருந்தேன். அதற்குத் தேவை பழைய வடிவங்களைச் சேர்த்து வைக்கும் வசதி. கூகுள் டாக்ஸில் அது இருக்கிறது, நேற்று மதியம் எப்படி இருந்ததோ அதற்குத் திரும்பிப் போகலாம். நான் பயன்படுத்திய ஆப்பில் அது கிடையாது. இப்போது யாராவது ‘எந்த ஆப் நல்லது?’ என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பழைய வடிவம் கிடைக்குமா?

அடுத்து எல்லோரும் சொல்வது அழிந்ததை மீட்டுத் தரும் ரிகவரி சாஃப்ட்வேர். இங்கே போனையும் பென் டிரைவையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ ஒரு ஃபைலை அழித்தால், பெரும்பாலும் அதன் பெயர்தான் பட்டியலில் இருந்து போகும், உள்ளே இருப்பது அடுத்த ஃபைல் வந்து மூடும் வரை அப்படியே கிடக்கும். உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு, ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளை ஓட்டினால் நிறையவே கிடைக்கும், பெயர்கள்தான் போயிருக்கும். கிடைத்ததை அதே டிரைவில் சேமிக்காமல் வேறு இடத்தில் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். போனின் உள் நினைவகம் வேறு ஜாதி. எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10-இல் இருந்து புதிதாக வரும் போன்களில் இது கட்டாயம். ரீசெட் செய்தால் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். கடையில் யாராவது ‘ரீசெட் பண்ணிட்டு டேட்டாவை எடுத்துடலாம்’ என்று சொன்னால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது மிளகு விற்ற ரசீதுகளோடு டிராயரில் கிடந்த பழைய போன். திரை உடைந்ததால் ஒதுக்கி வைத்தது. சார்ஜில் போட்டுவிட்டு ஆன் செய்யப் போனவனைப் போனிலேயே நிறுத்தினான் மாப்பிள்ளை. “மாமா, இருங்க. மொதல்ல ரவுட்டரை அணைங்க. அப்புறம் அதுல சிம் இருந்தா உருவுங்க. அதுக்கப்புறம் ஆன் பண்ணுங்க.” சரிதானே. வைஃபை கிடைத்த மறு நொடி அதுவும் ‘ய’ ஆகியிருக்கும். ரவுட்டரின் விளக்கு அணைந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆன் செய்தேன். ஏரோப்ளேன் மோடையும் போட்டேன். குறிப்பைத் திறந்தால் கணக்கு அப்படியே இருந்தது, அந்தப் போன் கடைசியாக நெட்டில் இருந்த நாள் வரை. முதலில் புதுப் போனால் ஒவ்வொரு திரையையும் படம் எடுத்தேன், 41 படம். பிறகுதான் எழுத்தைக் காப்பி செய்து ப்ளூடூத்தில் அனுப்பினேன். நாலு வருடம் திரும்பி வந்தது. மீதி இரண்டு வருடத்தில், கடனுக்காக வங்கிக்கு மெயிலில் அனுப்பிய பக்கங்களில் ஒரு வருடத்துக்கு மேல் கிடைத்தது. பதினோரு மாதம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் இனி எங்கே வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தோம். மாப்பிள்ளை ஒரு சூத்திரம் சொன்னான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு அது. நல்லதுதான். ஆனால் மூன்று பிரதியும் ஒரே விதத்தில் சாகுமானால் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? அதனால் ஒவ்வொரு வழியையும் எது கொல்லும் என்று கேட்டுக்கொண்டு போனேன். என் விரல் கொல்லுமா, மழை கொல்லுமா, பூட்டிப்போன அக்கவுண்ட் கொல்லுமா, என் மறதி கொல்லுமா.

முதலில் கிளவுட், அதாவது நெட் வழியாகக் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டரில் வைப்பது. மறதிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், தானாகப் போய்விடும். போன் தொட்டித் தண்ணீரில் விழுந்தாலும், பஸ்ஸில் தொலைந்தாலும் கவலை இல்லை. நிறையப் பேர் இங்கே ஜிபியை வைத்து ஒப்பிடுகிறார்கள். இலவசமாகக் கூகுளில் 15, ஒன் டிரைவில் 5, ஆப்பிளில் 5. போட்டோவுக்கு அது முக்கியம். குறிப்புக்கு அர்த்தமே இல்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் 3 பைட் எடுத்துக்கொள்கிறது, ஆங்கிலத்துக்கு ஒன்று போதும். அப்படியும் என் ஆறு வருடக் கணக்கு மொத்தமும் 400 கேபி வரவில்லை. ஒரு போட்டோவின் கால்வாசி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கூகுளின் 15 ஜிபி மெயிலுக்கும் போட்டோவுக்கும் டிரைவுக்கும் பொதுவானது, இப்போது ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. கல்யாண வீடியோக்கள் நிரம்பினால் மழைக்கணக்கு வாசலில் நிற்கும்.

கிளவுடைக் கொல்வது இரண்டு. ஒன்று, மேலே சொன்ன என் விரல். இன்னொன்று, கதவு பூட்டிக்கொள்வது. போன் தொலைந்து, அதிலேயே சிம்மும் தொலைந்தால், புதுப் போனில் உள்ளே போக ஓடிபி எங்கே வரும்? தொலைந்த போனுக்குத்தான். மலையில் இருந்து இறங்கி டூப்ளிகேட் சிம் வாங்கி வரும் வரை வெளியே நிற்க வேண்டியதுதான். கூகுளில் இதற்கென்றே, ஓடிபிக்குப் பதிலாகப் போட, பேக்கப் கோட் என்று பத்து எண்கள் தருகிறார்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம். அச்சடித்துப் பட்டா இருக்கிற கவரில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் தொடாமல் விட்ட அக்கவுண்டை அழிக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரில் இருந்து அமலில் இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் மெயிலில் எதையாவது வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு தடவை உள்ளே போய்வருவது நல்லது.

நம் மலைக்கென்று இன்னொரு சங்கடம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து, கரண்டும் டவரும் பல நாள் இல்லை. அந்த நாள்களில் எழுதியது எல்லாம் போனுக்குள்ளேயே நின்றது. எழுதியாயிற்று என்பதும் மேலே போய்ச் சேர்ந்தாயிற்று என்பதும் வேறு வேறு. கடைசியாக எப்போது சின்க் ஆனது என்ற வரியை வாரம் ஒரு தடவை பார்க்கப் பழகிக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வதை வழியென்று சொல்ல மாட்டேன். தேட முடியாது, ஒழுங்கு இருக்காது. ஆனாலும் மாதக் கணக்கை ஒரு ஃபைலாக மாப்பிள்ளைக்கு அனுப்பி வைப்பதில் ஒரு லாபம் உண்டு. என் கையில் அழிந்தாலும் அவன் போனில் அது கிடக்கும்.

பென் டிரைவ். நானூறு ஐநூறு ரூபாய். எழுதிக் கழற்றி வைத்துவிட்டால் என் விரல் எட்டாது. கிளவுட் தோற்கிற இடத்தில் இது ஜெயிக்கிறது. ஆனால் கழற்றி வைத்ததை மறுபடி செருக வேண்டும், அந்த வேலை என் மறதியை நம்பி இருக்கிறது. தொலையும். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்து, எழுதியது கெடவும் செய்யும். ஐநூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பது கண்டிப்பாகப் போலி. எழுதும்போது எல்லாம் சரியாக ஏறுவது போலக் காட்டும், திறக்கும்போதுதான் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி எனக்கு ஒரு வேடிக்கையான பயம் இருந்தது. அதற்குள் எழுதும் முனை, தட்டின் மேல் காற்று மெத்தையில் மிதந்தபடிதான் ஓடுகிறதாம். மேலே போகப் போகக் காற்று மெலியும். அப்படியானால் மலையில்? பார்த்தால், கம்பெனிகள் பெரும்பாலும் கொடுக்கும் எல்லை 10,000 அடி. கொடைக்கானலே 7,000 அடிதான், நாங்கள் இன்னும் கீழே. உயரம் ஒன்றும் செய்யாது. செய்வது ஈரம். மார்கழியில் பீரோவில் ஜில்லென்று கிடந்த டிஸ்க்கை அடுப்பு எரிகிற கூடத்துக்குக் கொண்டுவந்து உடனே செருகினால், கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி உள்ளேயும் படியலாம். அரை மணி, ஒரு மணி நேரம் பையிலேயே விட்டுவிட்டுத்தான் செருக வேண்டும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். இருந்தாலும் 400 கேபிக்கு நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் டிஸ்க் எதற்கு? வீட்டில் போட்டோவும் வீடியோவும் நிறைய இருந்தால் வாங்கலாம். குறிப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து.

காகிதம் பற்றிச் சொன்னால் மாப்பிள்ளை சிரிக்கிறான். கொடைக்கானல் வானாய்வகத்தைப் போய்ப் பாரடா என்றேன். 1899-இல் சென்னையில் இருந்து மேலே வந்த அந்த இடத்தில், நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துக் கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-இல் சூரியப்புள்ளியில் வாயு வெளியே பாய்வதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். அந்தத் தகடுகளை இப்போது ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்கி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆராய்ச்சிக்கு எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. தகட்டைப் படிக்க ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், வெளிச்சம் போதும். என் கணக்கை அச்செடுத்தால் வருடத்துக்கு ஏழு எட்டுப் பக்கம். பக்கத்துக்கு மூன்று ரூபாய். கரையானும் ஒழுகுகிற கூரையும் எதிரி. தேட முடியாது, திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் உட்கார்ந்து தட்ட வேண்டும். ஆனால் என் விரல், அக்கவுண்ட் பூட்டு, டவர், இது எதற்கும் காகிதம் பயப்படாது.

ஒன்றை நாங்கள் கிட்டத்தட்ட தவற விட்டோம். எந்த வடிவத்தில் சேமிப்பது? தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். பழைய சி.டி ஒன்றில், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டிய தோட்டக் கணக்கு இருக்கிறது. ஃபைல் பத்திரம். திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியும் கலந்த குப்பை. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, அங்கங்கே பிழை வரலாம். பிரதி உயிரோடு இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை.

அதேபோல இன்னொரு கலவரம். புது ஏற்பாட்டில் முதல் மாதக் கணக்கை சிஎஸ்வி ஃபைலாக, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைலாக எடுத்துப் பென் டிரைவில் போட்டு, சோதனைக்காக எக்செல்லில் திறந்தேன். ‘மழை’ இருக்க வேண்டிய இடத்தில் மேலே சாய்கோடு போட்ட a, வட்டத்துக்குள் R என்று வெளிநாட்டு எழுத்துகள். வயிறு கலங்கிவிட்டது. மாப்பிள்ளை நோட்பேடில் திறக்கச் சொன்னான். தமிழ் அழகாக வந்தது. ஃபைலில் தப்பே இல்லை, எக்செல்தான் அதை யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தை ஃபைலில் எழுதும் முறை) என்று எடுத்துக்கொள்ளவில்லை. இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா பகுதியில் போய் ஃபைலை உள்ளே இழுத்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். இது தெரியாமல், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நல்ல பிரதியை அழித்திருப்பேன். அதையும் விட மோசம், அந்தக் குப்பைத் தோற்றத்தோடு சேவ் கொடுத்திருப்பேன்.

அதனால் குறிப்பு வைக்க ஆப் தேர்ந்தெடுப்பவர்கள், அதில் இருந்து வெளியே எடுக்கிற வழியை முதல் நாளே ஓட்டிப் பார்க்க வேண்டும். கூகுள் கீப்பில் இருப்பதை, நம் டேட்டாவை வெளியே எடுக்கக் கூகுளே தரும் டேக்அவுட் வழியாக மொத்தமாக எடுக்கலாம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு வருடம் வரை தயார் செய்து தரும்படியும் சொல்லி வைக்கலாம். அப்சிடியன் மாதிரி ஆப்கள் ஒவ்வொரு குறிப்பையும் சாதாரண எழுத்து ஃபைலாகவே ஒரு ஃபோல்டரில் வைக்கின்றன. நாளைக்கு ஆப்பே இல்லாமல் போனாலும் நோட்பேடில் படிக்கலாம். எவர்நோட் என்ற குறிப்பு ஆப் 2023 கடைசியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்புக் என்று சுருக்கிக்கொண்டது. நேற்று வரை இலவசம் என்பது நாளைக்கும் இலவசம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

கடைசியில் நான் முடிவு செய்தது இது. தினம் எழுதுவது கூகுள் டாக்ஸில், பழைய வடிவம் கிடைக்கும் என்பதற்காக. வருடத்துக்கு ஒரு ஃபைல், ஆறு வருடத்தை ஒரே பானையில் போட்டு வைப்பதில்லை. முடிந்த மாதத்தைத் தொடுவதும் இல்லை. மாதம் முதல் தேதி எழுத்து ஃபைலாக எடுத்துப் பென் டிரைவில். பென் டிரைவ் இரண்டு: ஒன்று வீட்டில், ஒன்று வத்தலக்குண்டில் அக்கா வீட்டில். காப்பியும் வாழைத்தாரும் இறக்கக் கீழே போகிற அன்றைக்கு அக்கா வீட்டில் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வருவேன். மலைப்பாதை மண்சரிவில் அடைத்துக்கொண்டாலும் ஒரு பிரதி சமவெளியில் இருக்கும். வேலையாட்களின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் இருக்கும் பக்கத்தை மட்டும் பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஆக்கிவிடுகிறேன். அந்தப் பாஸ்வேர்டு அக்காவுக்குத் தெரியும். நான் மறந்தால் அதுவும் ஒரு தொலைப்புதானே. தை மாதம் முந்தைய வருடம் முழுவதையும் அச்செடுத்துப் பட்டாவோடு வைக்கிறேன்.

தோட்டம் இல்லாத, நல்ல நெட் இருக்கிற ஊர்க்காரருக்கு இவ்வளவு தேவையில்லை. பழைய வடிவம் தரும் கிளவுட் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி வைக்கும் பென் டிரைவ் ஒன்று, இவை போதும். ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் கிளவுடை எடுங்கள், அதிலும் அந்தப் பத்து பேக்கப் எண்களை அச்செடுத்துவிட்டு.

இந்தத் தையில் அக்கா வீட்டுப் பென் டிரைவை மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் செருகி, வேறு எங்கேயும் தொடாமல் அதிலிருந்தே முழுக் கணக்கையும் அச்செடுத்தோம். சரியாக வந்தது, போன பதினோரு மாதம் தவிர. அந்த இடத்தில் தேதியை மட்டும் அச்சடித்துக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். பழம் பறிக்க வருகிற அக்கா ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த வருசந்தானே தம்பி, மாசி மகத்துக்கு மறுநாள் சாயங்காலம் பேஞ்சுச்சு. பேத்திக்குக் காது குத்திட்டு நனைஞ்சுக்கிட்டே ஏறி வந்தோம், பத்தாம் நாள் தோட்டம் பூராம் பூவு” என்றார். பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் என்ற கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.